முன் தாழ்ந்த வண்டியும் அதை நிமிர்த்தும் வழிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பெரிய அங்காடியின் வாசலில் வரிசையாக நிற்கும் பிக்கப் வண்டிகளைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் எவருக்கும், அவற்றின் முன்புறம் சற்றே தாழ்ந்தும் பின்புறம் சற்றே உயர்ந்தும் இருப்பது எளிதில் புலப்படும். 1977 முதல் அந்நாட்டு டிரக் விற்பனையில் முதலிடத்தை விடாது காத்துவரும் ஃபோர்டு எஃப் வரிசையாயினும், அதனோடு போட்டியிடும் செவர்லே சில்வராடோ, ராம், டொயோட்டா டண்ட்ரா முதலியவையாயினும், தொழிற்சாலையை விட்டு வெளிவரும் தினத்திலேயே, பெரும்பாலும் ஒன்றரை அங்குலம் முதல் இரண்டரை அங்குலம் வரையிலான முன் சாய்வோடுதான் வெளிவருகின்றன. தொழிலில் உள்ளவர்கள் இதை ரேக் என்று சொல்வார்கள். வண்டியை வாங்குவோரில் கணிசமானவர்களுக்கு இந்தச் சாய்வு கண்ணை உறுத்துகிறது. அவர்களுடைய மனக்குறையைத் தீர்ப்பதற்கென்றே, முன்புறத்தை உயர்த்திப் பின்புறத்தோடு சமமாக்கும் லெவலிங் கிட் என்னும் சாதனங்கள், ஐம்பது டாலர் விலையுள்ள சாதாரண உலோக வளையம் முதல் ஆயிரம் டாலரைத் தாண்டும் முழு ஸ்ட்ரட் ஜோடி வரையில், எண்ணற்ற வகைகளில் கடைகளை நிரப்பியிருக்கின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் தரும் விடை ஒன்று. வண்டியின் அமைப்பை ஆராய்ந்து பார்ப்பவன் பெறும் விடை வேறொன்று.

பிக்கப் என்பது பாரம் சுமப்பதற்கென்று பிறந்த வண்டி. எஞ்சின், கியர் பெட்டி, ஓட்டுபவர் ஆகியோரின் எடை முன் சக்கரங்களின்மீது ஏறத்தாழ எப்பொழுதும் ஒரே அளவாக இருக்க, பின் சக்கரங்களின்மீதுள்ள எடையோ தொட்டி காலியாக இருக்கும்போது மிகச் சொற்பமாகவும், அதில் மணலோ செங்கல்லோ ஏற்றியபோதும் பின்னால் டிரெய்லரை மாட்டியபோதும் அதைவிட ஆயிரம் பவுண்டு அதிகமாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தாங்க வேண்டிய பின்புறத்துப் பட்டை ஸ்பிரிங்குகளை நிபுணர்கள் முழுப் பாரத்தை உத்தேசித்தே வடிவமைக்கிறார்கள். ஆதலால் பாரமில்லாத நாளில் அவை வளைந்து உயர்ந்து நிற்பதும், பாரம் ஏறிய நாளில் படிந்து வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவருவதும் இயல்பு. சாய்வு என்பது வரப்போகும் பாரத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடம். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கிட் வாங்குவதா வேண்டாமா, வாங்கினால் எந்த வகை, எத்தனை அங்குலம் என்னும் கேள்விகள் யாவும் தம்முடைய உண்மையான சொரூபத்தில் நமக்கு முன்னே வந்து நிற்கும்.

அப்படியானால் முன்புறத்தை உயர்த்த விரும்புவோருக்கு நியாயமான காரணமே இல்லையா என்று கேட்டால், உண்டு என்றே சொல்ல வேண்டும். பனி மிகுந்த மாநிலங்களில் வண்டியின் முன்னால் பனி தள்ளும் பலகையை மாட்டி ஓட்டுபவர்களுக்கு, பல நூறு பவுண்டு எடை முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால், வண்டி மேலும் தலை கவிழ்ந்து விடுகிறது. இரும்பு பம்பரும் வின்ச்சும் பொருத்தியவர்களின் நிலையும் இதுவே. கரடுமுரடான பாதையில் செல்பவர்களுக்கு முன்புறம் இரண்டு அங்குலம் உயர்ந்தால் மேடேறும்போது முகப்பு தரையில் இடிக்காமல் தப்பும். பெரிய டயர் போட ஆசைப்படுபவர்களுக்கு மட்கார்டினுள் இடம் கிடைக்கும். அரை டன் வகுப்பைச் சேர்ந்த பல வண்டிகளில் 33 அங்குல டயர் இவ்வாறுதான் இடம் பெறுகிறது. ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்வதானால், இந்தக் கிட்டுகளில் மிகப் பெரும்பான்மை அழகுக்காகவே வாங்கப்படுகின்றன. அழகை விரும்புவது தவறென்று சொல்ல நான் முன்வர மாட்டேன்; அந்த அழகுக்காக வண்டியின் எந்தச் சக்தியை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதுமானது.

கிட்டின் வகையை நிர்ணயிப்பது வாங்குபவரின் விருப்பமன்று. அவருடைய வண்டியின் முன் சஸ்பென்ஷன். ஒரு காலத்தில் எல்லா டிரக்குகளிலும் முன்னாலும் ஒரே இரும்பு அச்சும் அதன்மேல் பட்டை ஸ்பிரிங்குகளுமே இருந்தன. 1960-இல் செவர்லே தன் பிக்கப்புகளில் முறுக்குத் தண்டாகிய டார்ஷன் பாரை வைத்து, இரு முன் சக்கரங்களும் தனித்தனியே அசையும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, மூன்றாண்டுகளுக்குள் அதைக் கைவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. 1965-இல் ஃபோர்டு இரட்டை ஐ-பீம் என்னும் தன்னுடைய அமைப்பைப் புகுத்தியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளில் இம்மாற்றம் மெதுவாகவே வந்தது. சுருள் ஸ்பிரிங்கையும் அதனுள்ளே ஷாக் அப்சார்பரையும் ஒன்றாகக் கோத்த ஸ்ட்ரட், எஃப்-150-க்கு 2004-இலும், ராம் 1500-க்கு 2006-இலும், சில்வராடோ 1500-க்கு 2007-இலும் வந்து சேர்ந்தது. டொயோட்டா டக்கோமாவில் அது 1995 முதலே இருந்தது. பெரிய வண்டிகள் இவ்வழியில் செல்லவில்லை. செவர்லேயின் 2500, 3500 வகைகளில் இன்றும் டார்ஷன் பாரே இருக்கிறது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் நான்கு சக்கர இழுவை வகையில் 2005 முதலும், ராம் 2500-இல் அதற்கு முன்பிருந்தும், ஒற்றை இரும்பு அச்சின்மேல் சுருள் ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. ஆகவே சந்தையில் உள்ள கிட்டுகள் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன: ஸ்ட்ரட்டுக்கு உரியவை, டார்ஷன் பாருக்கு உரியவை, ஒற்றை அச்சுக்கு உரியவை. அண்டை வீட்டுக்காரர் தம்முடைய வண்டிக்குப் போட்டதையே நாமும் போடலாம் என்று எண்ணுபவர் இங்கேயே நின்றுவிட வேண்டும்.

இவற்றுள் ஸ்ட்ரட் வகையே ஜனங்களிடம் மிகுதியாக இருப்பதால், அதைச் சற்று விரிவாக ஆராய்வது பிரயோஜனமாக இருக்கும். ஸ்ட்ரட்டின் கீழ் முனை, சக்கரத்துக்கும் சேஸிசுக்கும் இடைப்பட்ட லோயர் ஆர்மின் ஏறத்தாழ நடுப்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால், ஸ்ட்ரட் இருக்கும் இடத்தில் நாம் செய்யும் மாற்றம் சக்கரத்தில் சுமார் இரண்டு மடங்காக வெளிப்படுகிறது. ‘இரண்டு அங்குலக் கிட்’ என்று எழுதிய பெட்டியைத் திறந்தவர் உள்ளே ஓர் அங்குல உயரமுள்ள வளையத்தைக் கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபிப்பதற்கு இடமில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்த வளையமாகிய ஸ்பேசரை வைக்கும் இடங்கள் இரண்டு. ஸ்ட்ரட்டின் உச்சிக்கும் அது மாட்டப்பட்டிருக்கும் சேஸிஸ் கோபுரத்துக்கும் நடுவே வைப்பது ஒன்று. ஸ்ட்ரட்டைப் பிரித்து, ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே உயரத்தைத் தருகின்றன. உள்ளே நடப்பவையோ முற்றிலும் வேறானவை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலம் அமுங்குவதற்கு 600 பவுண்டு தேவைப்படும் ஸ்பிரிங்கின்மீது 1,800 பவுண்டு வந்து இறங்குகிறது என்றால், அது மூன்று அங்குலம் அமுங்கி நிற்கும். ஸ்ட்ரட்டில் கோக்கும்போதே தொழிற்சாலையில் அதை ஓர் அங்குலம் அமுக்கித்தான் கோத்திருக்கிறார்கள் என்று கொண்டால், வண்டி தரையில் நிற்கையில் ஸ்ட்ரட் மேலும் இரண்டு அங்குலம் குறுகியிருக்கும். அதாவது, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்ட்ரட் நீளுவதற்கு இரண்டு அங்குலமும், சக்கரம் தொங்குவதற்கு நான்கு அங்குலமும் கைவசம் இருக்கின்றன. இனி ஸ்பிரிங்கின் இருக்கையில் அரை அங்குல ஸ்பேசரை வைத்தால், ஸ்பிரிங் தன் பழைய மூன்று அங்குல அமுக்கத்தையே ஏற்கும். ஏனெனில் அதன்மேல் இருக்கும் எடை மாறவில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்றரை அங்குலம் கோக்கும்போதே வந்துவிட்டதால், ஸ்ட்ரட் ஒன்றரை அங்குலமே குறுகி, வண்டி முன்புறத்தில் ஓர் அங்குலம் உயர்கிறது; பள்ளத்தில் இறங்கச் சக்கரத்துக்கு இருந்த நான்கு அங்குலம் மூன்றாகக் குறைகிறது.

இந்த வகை ஸ்பேசரைப் போட்டவர்களில் பலர், ‘ஸ்பிரிங் கடினமாகிவிட்டது, வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது’ என்று குறைப்படுவார்கள். குறை உண்மை; அதற்குச் சொல்லும் காரணம் பொய். 600 பவுண்டு ஸ்பிரிங் 600 பவுண்டு ஸ்பிரிங்காகவே இருக்கிறது. சாலையில் ஒரு குழியைக் கடக்கையில் ஸ்ட்ரட் தன் முழு நீளத்துக்கும் சீக்கிரமாகவே நீண்டு, மேற்கொண்டு நீள இடமின்றி ‘டக்’கென்று முட்டி நிற்பதையே உடம்பு கடினம் என்று உணர்கிறது. ஆனால் இம்முறைக்கு ஒரு நற்குணம் உண்டு: சக்கரம் எவ்வளவு தொங்கினாலும் தொழிற்சாலை வகுத்த எல்லையைத் தாண்டித் தொங்க முடியாது. ஆதலால் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டோ, முன் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் சி.வி. ஜாயிண்ட்டோ வகுக்கப்படாத கோணத்துக்குள் போவதில்லை.

கோபுரத்தின் அடியில், ஸ்ட்ரட்டின் உச்சியில் வைக்கும் ஸ்பேசரின் குணம் இதற்கு நேர்மாறானது. ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. பயணத்தின் சுகமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். மலிவான கிட்டுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் ஸ்ட்ரட் முழுவதும் கீழே தள்ளப்பட்டுவிட்டதால், சக்கரம் தொங்கும்போது வகுத்த எல்லைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பால் ஜாயிண்ட் தன் கிண்ணத்தின் விளிம்பில் சாய, சில வண்டிகளில் அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கின்மீதே உராய்கிறது. மேடு வந்து சக்கரம் மேலே ஏறும்போதோ வேறொரு விபரீதம் காத்திருக்கிறது. சேஸிசில் இருக்கும் ரப்பர் முட்டு, ஆர்மைத் தடுத்து நிறுத்தும் இடம் பழைய இடமே. ஆயினும் அந்த இடத்தை அடைவதற்கு ஸ்ட்ரட் ஸ்பேசரின் உயரம் அளவுக்கு அதிகமாகக் குறுக வேண்டியிருக்கிறது. அவ்வளவு குறுக இடமில்லாத ஸ்ட்ரட்டாக இருந்தால், ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் அப்சார்பரின் உட்புறம் வாங்கும். கூடுதல் உயரம் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் வரை இருக்கும்போது இவை பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. இரண்டைத் தாண்டி இரண்டரை, மூன்று என்று போகப் போகத்தான் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. மூன்று அங்குலத்தை ஒரே ஸ்பேசரில் தருவதாகச் சொல்லும் கிட்டை, வேறு துணைப் பாகங்கள் ஏதும் இல்லாமல் வாங்குவது கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவ்விரண்டு முறைகளையும்விட மேலானது, ஷாக் அப்சார்பரையே மாற்றிவிடுவது. பில்ஸ்டீன் 5100 போன்ற சில வகைகளில், ஸ்பிரிங்கின் கீழ் இருக்கையை வெவ்வேறு உயரங்களில் நிறுத்துவதற்காக உடலைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வேண்டிய பள்ளத்தில் ஒரு வளையத்தைப் பூட்டி, பழைய ஸ்பிரிங்கையே அதன்மேல் அமர்த்திக் கோத்துவிடலாம். தத்துவம் என்னவோ இருக்கையில் ஸ்பேசர் வைப்பதைப் போன்றதுதான். ஆனால் மாறிய உயரத்தை உத்தேசித்து உள்ளே எண்ணெயின் ஓட்டத்தையும் வாயு அழுத்தத்தையும் வகுத்திருப்பதால், குழியிலும் மேட்டிலும் அதன் நடத்தையே வேறு. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் மைல் ஓடித் தளர்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு புது வளையத்தைச் சூட்டுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ விவேகமான செலவு. இன்னும் தாராளமாகச் செலவிடக்கூடியவர்கள் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்கலாம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.

மாட்டுவது என்ற பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரட்டினுள் அமுக்கிவைத்த ஸ்பிரிங்கை விடுவிப்பதற்குத் தகுந்த அமுக்கி இயந்திரம் வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு கொக்கித் திருகாணிகளை நம்பி வீட்டு முற்றத்தில் இந்த வேலையில் இறங்கியவர்கள் கை விரல்களையும் முகத்தையும் பணயம் வைக்கிறார்கள். பட்டறைக்காரர் கேட்கும் கூலி இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அதிகமாகவே ஆகாது.

டார்ஷன் பார் உள்ள வண்டிகளைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. நீண்ட எஃகுத் தண்டின் ஒரு முனை லோயர் ஆர்மிலும், மறுமுனை சேஸிசின் குறுக்குச் சட்டத்தில் கீ என்னும் நெம்புத் துண்டிலும் பிணைந்திருக்க, கீயைத் தாங்கும் போல்ட்டைத் திருகினாலே முன்புறம் உயர்ந்துவிடும். ஒரு டாலர்கூடச் செலவில்லை. தொழிற்சாலைக் கீயின் போல்ட் தன் எல்லையை எட்டிவிட்ட பிறகுதான், வேறு கோணத்தில் வெட்டப்பட்ட புதுக் கீ தேவைப்படுகிறது. எம்முறையில் உயர்த்தினாலும் தண்டின் கடினம் மாறுவதில்லை. சக்கரம் தொங்குவதற்கிருந்த இடம் குறைவதும், அப்பர் ஆர்ம் தன் கீழ் முட்டுக்கு மிக அருகில் போய் நிற்பதும்தான் நிகழ்கின்றன. பழைய ஷாக் அப்சார்பர் இந்தப் புது நிலைக்குக் குட்டையாகிப் போவதால், கீயோடு கூட நீளம் அதிகமான ஷாக் அப்சார்பர்களையும் வாங்குவது வழக்கம். அல்லது ஷாக்கின் மேல்முனையைத் தாழ்த்தும் சிறு பிடிமானங்களையாவது கேட்டு வாங்க வேண்டும். கிட் என்ற பெயரில் இரண்டு கீகளை மட்டும் வைத்து விற்பவரிடம் பாதிச் சரக்குதான் இருக்கிறது.

ஒற்றை இரும்பு அச்சுள்ள பெரிய வண்டிகளில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு அருகில் அச்சின்மேலேயே அமர்ந்திருப்பதால், இங்கே இரட்டிப்புக் கணக்கு கிடையாது. இரண்டு அங்குலம் வேண்டுமானால் இரண்டு அங்குல ஸ்பேசரோ அவ்வளவு நீளம் கூடிய ஸ்பிரிங்கோ வேண்டும். சி.வி. ஜாயிண்ட்டின் கவலையும் இல்லை. ஆனால் இங்கே வேறு இரண்டு கவலைகள் உண்டு. அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் டிராக் பார் ஒரு புறம் சேஸிசிலும் மறுபுறம் அச்சிலும் சாய்வாக மாட்டப்பட்டிருப்பதால், வண்டி உயரும்போது அச்சு சிறிது ஒரு பக்கமாக இழுபட்டுவிடும். அச்சை முன்பின்னாகப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் கோணமும் மாறி, காஸ்டர் எனப்படும் பின்சாய்வு குறைய, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்பும் குணம் தளர்கிறது. தேய்ந்துபோன டிராக் பார் புஷ்ஷோடு இந்தத் தளர்ச்சியும் சேர்ந்தால், ஒரு சிறு மேட்டைத் தாண்டியதும் முன் சக்கரங்கள் இரண்டும் பயங்கரமாக உதறத் தொடங்கும். அமெரிக்க ஓட்டுநர்கள் இதற்குச் சாவு நடுக்கம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆதலால் நீளத்தை மாற்றக்கூடிய டிராக் பாரையும், காஸ்டரைத் திருத்தும் பிடிமானங்களையும் சேர்த்துத் தரும் கிட்டே இவ்வகை வண்டிக்கு ஏற்றது.

முன்னே உயர்த்துவதற்குப் பதிலாகப் பின்னே தாழ்த்தினால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையே அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைத்திருக்கும் கட்டையை எடுத்துவிட்டு அதைவிடச் சிறியதை வைப்பது மிகச் சுலபம். முன் சஸ்பென்ஷனைத் தொட வேண்டியதில்லை. தொட்டியில் சாமான் ஏற்றவும் கை எட்டும். பாரம் சுமக்காத, டிரெய்லர் இழுக்காத, தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு இது சிலாக்கியமான யோசனை. ஆனால் ரப்பர் முட்டுக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிடுவதால் மற்றவர்களுக்கு உதவாது. 2009 முதல் ராம் 1500-இலும், 2022 முதல் டண்ட்ராவிலும் பின்புறத்திலும் சுருள் ஸ்பிரிங்கே இருப்பதால், அங்கே கட்டைக்கே இடமில்லை. காற்றுப் பைகள் கொண்ட சஸ்பென்ஷனோ, மின்சாரத்தால் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பரோ உள்ள வண்டிகளுக்குச் சாதாரண ஸ்பேசரை மாட்டவே கூடாது. உயரத்தை அளக்கும் கருவிகள் குழம்பிப்போகும். அவற்றுக்கென்று தனியே குறிப்பிட்டு விற்கப்படுவதையே கேட்டு வாங்க வேண்டும்.

இனி இவ்விஷயத்தின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். இரண்டு அங்குலச் சாய்வுள்ள வண்டியை முன்னால் இரண்டு அங்குலம் உயர்த்தித் துல்லியமாகச் சமமாக்கிவிட்டோம். பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை 7,000 பவுண்டு எடையுள்ள ஒரு டிரெய்லரை அதில் மாட்டுகிறோம். இழுக்கும் கொக்கியின்மேல் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அழுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே 700 முதல் 1,050 பவுண்டு வரை, பின் அச்சுக்கும் அப்பால் வந்து இறங்குகிறது. முன்பாரம் பின்பாரம் பார்த்துக் கட்டாத மாட்டு வண்டியில் நுகத்தடி மேலே எழும்பிக் காளைகளின் கழுத்தை இறுக்குவதைக் கண்டவர்களுக்கு, இங்கே என்ன நிகழும் என்பதை விளக்க வேண்டியதில்லை: பின்புறம் அமுங்க, முன்புறம் அண்ணாந்து, திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய முன் சக்கரங்கள் சாலையைப் பிடிக்கும் வலு குறைகிறது. முன் சாய்வு இருந்திருந்தால் சமமாகியிருக்கும் வண்டி, சமமாக இருந்த காரணத்தால் பின்னே குந்திவிடுகிறது.

பாரமே இல்லாமல், வேண்டுமென்றே முன்னே தூக்கிப் பின்னே தாழ்த்தி ஓட்டும் கோலாகலமும் அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் பரவி, கரோலினா ஸ்குவாட் என்று பெயர் பெற்றது. வட கரோலினா மாநிலம், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும்படி மாற்றப்பட்ட வண்டிகளை 2021 டிசம்பர் 1 முதல் தடை செய்தது. வர்ஜீனியா 2022-இலும், தென் கரோலினா 2023-இலும் இவ்வகை வண்டிகளுக்கு எதிராகச் சட்டம் செய்தன. லெவலிங் கிட் போட்டவர் இந்தச் சட்டங்களின் பிடியில் அகப்படுபவர் அல்லர். ஆயினும் சட்டசபைகளைக் கவலைப்பட வைத்த அபாயம் என்னவோ, பாரம் ஏற்றிய சமநிலை வண்டியிலும் சிறிய அளவில் இருப்பது அதே அபாயந்தான்.

இதற்குப் பரிகாரமாகப் பின் ஸ்பிரிங்குகளுக்குத் துணையாக ஏர்லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் முதலிய கம்பெனிகள் விற்கும் காற்றுப் பைகளை வைத்து, பாரம் ஏற்றும் நாளில் காற்றடித்து நிமிர்த்திக்கொள்ளலாம். டிரெய்லர் எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் கொக்கியையும் பயன்படுத்தலாம். இவை வண்டியை நிமிர்த்துமேயன்றி, அது சுமக்கத்தக்க பாரத்தை ஒரு பவுண்டுகூடக் கூட்டமாட்டா. ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிட்டிருக்கும் எடையே இறுதி வாக்கு.

எத்தனை அங்குலம் உயர்த்துவது என்பதை நிர்ணயிக்கு முன், அளப்பதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் சாதாரணமாக மட்கார்டின் விளிம்பிலிருந்து தரை வரை முன்னும் பின்னும் அளந்து, வித்தியாசத்தைச் சாய்வென்று கொள்கிறார்கள். முன் மட்கார்டின் வளைவும் பின் மட்கார்டின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை என்று எந்தத் தொழிற்சாலையும் வாக்குக் கொடுக்கவில்லை. கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் இரு முனைகளை அளப்பதே நேர்மையான அளவு. அதையும் சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடும், டாங்கில் பெட்ரோலோடும், வழக்கமாகத் தொட்டியில் கிடக்கும் கருவிப் பெட்டி முதலியவற்றோடும் அளக்க வேண்டும். தொட்டியின்மேல் கூரையும் கருவிகளும் நிரந்தரமாக இருக்கும் வண்டியில், இரண்டு அங்குலம் என்று எண்ணிய சாய்வு முக்கால் அங்குலமாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. இடமும் வலமும் தனித்தனியே அளப்பது நல்லது. டக்கோமா போன்ற சில வண்டிகள் ஓட்டுநர் பக்கமாகச் சற்றே சாய்ந்து நிற்பது பிரசித்தம். அளந்து கண்ட சாய்வில் அரை அங்குலத்தையாவது மிச்சம் வைத்து, மற்றதை மட்டும் உயர்த்துவதே என் சிபாரிசு. கண்ணுக்கு அந்த அரை அங்குலம் தெரிவதில்லை. நான்கு மூட்டை சிமெண்டு ஏற்றும் அன்று வண்டிக்குத் தெரியும்.

செலவைக் கணக்கிடுபவர்கள் கிட்டின் விலையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். உயர்த்திய ஒவ்வொரு வண்டிக்கும் வீல் அலைன்மென்ட் தவிர்க்கமுடியாதது. சக்கரங்களின் கோணங்களாகிய டோ, கேம்பர், காஸ்டர் மூன்றும் நகர்ந்துவிடுவதால், அதைச் செய்யாதவர் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கைத் தேய்ந்த டயர்களுக்குக் கொடுப்பார். பெரிய டயர் போட்டால் வேகமானி தவறாகக் காட்டும். பெட்ரோல் செலவும் கூடும். வாரண்டி போய்விடுமே என்ற அச்சத்துக்கு மட்டும் 1975-ஆம் ஆண்டு மாக்னுசன்–மாஸ் சட்டம் ஓரளவு ஆறுதல் தருகிறது: வெளிக் கம்பெனியின் பாகத்தைப் பொருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் மறுப்பதற்கில்லை, பழுதுக்கு அந்தப் பாகமே காரணம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஆனால் பழுதானது சி.வி. ஜாயிண்ட்டாக இருந்து, அதன் பக்கத்திலேயே மூன்று அங்குல ஸ்பேசரும் இருக்குமானால், அதைக் காட்டுவது உற்பத்தியாளருக்குச் சிரமமாக இராது. புதிதாக வண்டியே வாங்கப் போகிறவருக்கு வேறொரு மார்க்கமும் உண்டு. 2019 முதல் சில்வராடோ டிரெயில் பாஸ் போன்ற சில வகைகள் தொழிற்சாலையிலேயே இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்டு, அதற்குத் தகுந்த ஷாக் அப்சார்பரோடும் வாரண்டியோடும் வருகின்றன.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, வாரந்தோறும் கனத்த டிரெய்லரை இழுப்பவர் இந்தக் கிட்டின் பக்கமே போக வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பனிப் பலகை மாட்டுபவர், பலகை மாட்டிய நிலையில் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவை ஈடு செய்யும் ஸ்பிரிங்கைக் கேட்கட்டும்; முன் அச்சின் எடை வரம்பையும் பார்த்துக்கொள்ளட்டும். அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓட்டிக்கொண்டு, எப்பொழுதாவது ஒரு சோபாவை ஏற்றுகிற பெரும்பான்மையோருக்கு, ஸ்ட்ரட் வண்டியாயின் ஒன்று முதல் ஒன்றரை அங்குல உயரத்தில் பூட்டிய நல்ல ஷாக் அப்சார்பரே முதல் தேர்வு. பணம் போதாதவர் அதே உயரத்துக்குச் சிறிய ஸ்பேசரோடு திருப்தியடையலாம். குறைந்த விலையில் அதிக உயரம் என்ற ஆசைதான் கெடுதல் செய்வது.

கடைசியாக, கிட்டின் பெட்டிக்குள் எவரும் வைக்காத ஒரு வேலை மிச்சமிருக்கிறது. முன் பின் அச்சுகளுக்கு நடுவே 145 அங்குலம் உள்ள ஓர் எஃப்-150-ஐ முன்னே இரண்டு அங்குலம் உயர்த்தினால், ஹெட்லைட்டின் ஒளி இருபத்தைந்து அடி தூரத்தில் நான்கு அங்குலம் மேலே ஏறுகிறது; விளக்கே இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பது வேறு. பல வண்டிகளில் அதே இருபத்தைந்து அடியில் தாழ்நிலை ஒளி விளக்கின் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே விழும்படி வைத்திருப்பார்கள் என்பதால், கீழ்நோக்கிய ஒளி மேல்நோக்கியதாகவே மாறிவிடுகிறது. இருநூறு அடி தூரத்தில் இந்த ஏற்றம் முப்பத்து மூன்று அங்குலம்; எதிரே சிறிய காரில் வருபவரின் கண்களுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கின் பின்னால் உள்ள திருகாணியைத் திருகிச் சரிசெய்யப் பத்து நிமிஷம் போதும். முகப்பில் காமிராவும் ராடாரும் உள்ள வண்டியாக இருந்தால் அவற்றையும் பட்டறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை மறுபடியும் முடுக்கும் வேலை ஐந்நூறு மைல் ஓடும்வரை காத்திருக்கலாம். விளக்கை அன்று மாலைக்குள்ளேயே திருத்திவிடுங்கள்.